பழைய ஃபோர்டு 6.9, 7.3 டீசலுக்கு டர்போ போடுவது

1983 மாடலில் ஆரம்பித்து 1994 வரை ஃபோர்டு எஃப்-250, எஃப்-350 பிக்கப்களில் வந்த பெரிய டீசல் இன்ஜின் ஃபோர்டு தயாரித்தது அல்ல. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் செய்து கொடுத்தது. அந்தக் கம்பெனி 1986-ல் நேவிஸ்டார் என்று பெயர் மாற்றிக்கொண்டது. முதலில் வந்தது 6.9 லிட்டர். 1988 மாடலிலிருந்து 7.3. இரண்டுமே வார்ப்பிரும்பு வி8. டீசல் நேராக பிஸ்டன் தலையில் பீய்ச்சப்படாமல், ஹெட்டில் உள்ள சின்ன அறைக்குள் போய் அங்கே பற்றிக்கொண்டு வெளியே வரும். நம் ஊர் அம்பாசடர் டீசலிலும் இதே ஏற்பாடுதான். இந்த வகைக்கு ஐடிஐ (இன்டைரக்ட் இன்ஜெக்ஷன்) என்று பெயர். 1994-ல் வந்த ஃபோர்டு பவர்ஸ்ட்ரோக் டீசலும் 7.3 லிட்டர்தான் என்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது முற்றிலும் வேறு இன்ஜின். இங்கே சொல்வது எதுவும் அதற்குப் பொருந்தாது.

ஐடிஐ-யில் எலக்ட்ரானிக்ஸ் என்று பெரிதாக எதுவும் கிடையாது. எண்ணெய் மாற்றி, கூலன்ட்டைக் கவனித்தால் வருஷக்கணக்கில் ஓடும். ஆனால் இழுவை இல்லை. 6.9-க்கு 170 குதிரைத்திறன், 7.3-க்கு 180 சொச்சம். பின்னால் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு கொலராடோவில் ஐ-70 சாலையில் ஐசன்ஹவர் சுரங்கத்துக்கு ஏறினால், அந்த 3,400 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பம்ப் வழக்கம்போல டீசலைக் கொடுக்கும், அதை எரிக்கக் காற்று இருக்காது. கரும்புகை தள்ளும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும், வண்டி இரண்டாவது கியரில் ஊரும்.

எக்ஸாஸ்ட் ஒரு சக்கரத்தைச் (டர்பைன்) சுற்ற, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் (கம்ப்ரசர்) இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும்; அதுதான் டர்போ. அது இந்த இன்ஜினுக்குச் செய்யும் முதல் வேலை இங்கேதான். டீசல் அளவைத் தொடாமல் டர்போவை மட்டும் போட்டால் எரியாமல் போய்க்கொண்டிருந்த டீசல் எரியும், புகை குறையும், எக்ஸாஸ்ட் சூடும் குறையும். பவர் கொஞ்சம்தான் கூடும். மீதிப் பவர் டீசலைக் கூட்டினால்தான் வரும், இன்ஜினைக் கொல்லும் ஆபத்தும் அதில்தான். ‘டர்போ போட்டேன், இன்ஜின் போச்சு’ என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் பழி போட வேண்டியது டர்போ மேல் அல்ல, பம்பில் தாங்கள் திருப்பிய ஸ்க்ரூ மேல்.

எந்த இன்ஜினில் போடலாம்

6.9-ன் பலவீனம் ஹெட் போல்ட். 7/16 அங்குலம், அதாவது 11 மி.மீ. சொச்சம். 7.3-ல் அதை அரை அங்குலமாக்கினார்கள். இந்த இன்ஜின்களின் கம்ப்ரஷன் விகிதமே 21 அளவில் இருக்கும். அதற்கு மேல் டர்போ காற்றையும் திணித்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் எங்கே போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 6.9-ல் பூஸ்ட்டை, அதாவது டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தத்தை, 7, 8 பிஎஸ்ஐ-யோடு நிறுத்திக்கொண்டால் கேஸ்கெட் தாங்கும். 12-ஐத் தாண்டி ஓட்டினால் ஹெட் மெல்ல எழும்பி கேஸ்கெட் கசிய ஆரம்பிக்கும்: கூலன்ட் டப்பா கொப்பளிக்கும், மேல் ரேடியேட்டர் ஹோஸ் காலையில் குளிர்ந்த இன்ஜினிலேயே கல் மாதிரி இறுகியிருக்கும். எப்படியும் ஹெட்டைக் கழற்றும் வேலை வந்தால் பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், ஸ்டட் (இரு முனையிலும் மரை உள்ள கம்பி) போடுங்கள்.

7.3-ன் பலவீனம் வேறு. அதன் சிலிண்டர் விட்டத்தை 101.6 மி.மீ.யிலிருந்து 104.4-க்குப் பெரிதாக்கியதில் சுவர் மெலிந்துவிட்டது. பிஸ்டன் அடிக்கும் அதிர்வில் சிலிண்டர் சுவரின் வெளிப்பக்கம், கூலன்ட் இருக்கும் பக்கம், நுண்ணிய குமிழிகள் உருவாகி உடையும். ஒவ்வொரு உடைப்பும் இரும்பைத் துளி துளியாகப் பெயர்க்கும். கடைசியில் ஊசித்துளை விழுந்து கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கும். கழற்றி மாற்ற லைனர் கிடையாது. பிளாக்கையே போர் செய்து ஸ்லீவ் இறக்க வேண்டும். இதைத் தடுக்க டீசல் கூலன்ட்டில் எஸ்சிஏ என்ற சேர்மானம் கலக்க வேண்டும், அதன் அளவைச் சோதனைப் பட்டையில் நனைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கம்மியானால் துளை விழும், அதிகமானால் ரேடியேட்டரில் படியும். பச்சைக் கூலன்ட்டை மட்டும் ஊற்றி 20 வருஷம் ஓட்டிய 7.3-ஐ வாங்கியிருந்தால், டர்போ கிட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் கூலிங் சிஸ்டத்தை அழுத்தம் கொடுத்து ஒரு ராத்திரி நிறுத்திப் பாருங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால், வெளியே சொட்டு எதுவும் இல்லையென்றால், கூலன்ட் உள்ளேதான் போயிருக்கிறது.

என் கணக்கில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கூலன்ட் ஒழுங்காகப் பார்த்த 7.3. அதிலும் 1993 நடுவிலிருந்து 94 வரை கம்பெனியே டர்போ போட்டுக் கொடுத்தது கிடைத்தால் பேச்சே இல்லை; அதில் பிஸ்டன் பின் தடிமனானது, எக்ஸாஸ்ட் வால்வும் சூடு தாங்கும் உலோகம். அதற்குக் கம்பெனி சொன்ன பவர் 190 குதிரைத்திறன்தான். இன்ஜினை அவ்வளவு பலப்படுத்திவிட்டும் எவ்வளவு அடக்கி வைத்திருந்தார்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

டர்போவுக்கு முன் முடிக்க வேண்டியவை

கம்ப்ரஷன் பாருங்கள். பெட்ரோல் கேஜ் இதற்கு ஆகாது, டீசல் கேஜ் வேண்டும்; க்ளோ பிளக் (ஸ்டார்ட்டுக்கு முன் அறையைச் சூடாக்கும் பிளக்) துளை வழியாக மாட்ட வேண்டும். 400 பிஎஸ்ஐ-க்கு மேல் இருந்தால் நல்ல இன்ஜின். எட்டு சிலிண்டரில் மிகக் குறைந்தது, மிக அதிகமானதில் முக்கால் பங்குக்குக் கீழே இருந்தால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். தேய்ந்த ரிங் உள்ள இன்ஜினுக்கு டர்போ போட்டால் கிராங்க் கேஸில் காற்று நிரம்பி ஆயில் எல்லா சீல் வழியாகவும் வரும்.

அடுத்தது பம்ப். இதில் உள்ளது ஸ்டானடைன் டிபி2 ரோட்டரி பம்ப். தேய்ந்த டிபி2-க்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு: குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஸ்டார்ட் ஆகும், ஓட்டி நிறுத்தி பத்து நிமிஷம் கழித்துச் சாவி போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. சூட்டில் டீசல் நீர்த்துப்போய், தேய்ந்த இடைவெளி வழியாகவே வழிந்துவிடுகிறது. இன்ஜின் நின்றிருக்கும்போது குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பம்ப் மேல் போட்டு ஐந்து நிமிஷம் விட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். பிடித்துக்கொண்டால் பம்ப் போய்விட்டது. அந்தப் பம்பில் டீசல் ஸ்க்ரூவைத் திருப்பி எந்தப் பயனும் இல்லை.

டீசலைப் பீய்ச்சும் நாசில்கள் 1,60,000 கி.மீ. தாண்டியிருந்தால் எட்டையும் மாற்றிவிடலாம். சொட்டும் நாசில் டர்போ இல்லாதபோது வெறும் புகைதான் விடும். டர்போவும் கூடுதல் டீசலும் சேர்ந்தால் அதே சொட்டு பிஸ்டனில் ஓரிடத்தையே சுட்டுக்கொண்டிருக்கும். நாசிலை எடுக்கும் கையோடு ரிட்டர்ன் லைன் தொப்பிகளையும் ஓ-ரிங்குகளையும் புதிதாகப் போடுங்கள். ஒவ்வொரு நாசில் தலையிலும் ஒரு பிளாஸ்டிக் தொப்பி, அதனுள் இரண்டு ஓ-ரிங். அது காய்ந்தால் டீசல் வெளியே கசிவதைவிடப் பெரிய தொல்லை, ராத்திரி முழுக்கக் காற்று உள்ளே போய்க் காலையில் ஏர் பிடித்துக்கொள்வது. க்ளோ பிளக்குகளும் இப்போதே. ஏனென்றால் இந்த இன்ஜினில் ஒற்றைப்படை சிலிண்டர்கள் பயணி பக்கம். டர்போ உட்காருவதும் பயணி பக்கம் பின்மூலையில். மாட்டிய பிறகு 7-வது சிலிண்டருக்குக் கை போகாது.

கிட் எங்கே கிடைக்கும்

பேங்க்ஸ் சைட்விண்டர், ஏடிஎஸ், ஹைப்பர்மேக்ஸ் ஆகியவை அந்தக் காலத்தில் பேர் போன கிட்கள். இப்போது பழைய வண்டி உடைக்கும் இடங்களில் இருந்தும், கைமாறியும்தான் பெரும்பாலும் கிடைக்கின்றன. வாங்கும்போது டர்போவை மட்டும் பார்க்காதீர்கள். டர்போ கார்ட்ரிட்ஜை (தண்டும் பேரிங்கும் உள்ள நடுப்பகுதியை) எப்போது வேண்டுமானாலும் ரிப்பேர் செய்துகொள்ளலாம். கிடைக்காதது குழாய்கள்: ஓட்டுநர் பக்க எக்ஸாஸ்ட்டைக் குறுக்கே பயணி பக்கத்துக்குக் கொண்டுவரும் கிராஸ் ஓவர் குழாய், டர்போவுக்கு ஏறும் குழாய், டர்போவிலிருந்து ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) ஓரமாக இறங்கும் குழாய், இன்டேக் மேனிஃபோல்டின் மேல் உட்காரும் தொப்பி. இதில் ஒன்று இல்லையென்றாலும் வெல்டரிடம் கொடுக்கும் காசில் இன்னொரு முழு கிட் வாங்கிவிடலாம்.

டர்போ தண்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மெல்லிய ஆட்டம் இருக்கலாம், ஆயில் படலம் வந்தால் அது சரியாகிவிடும். முன்னும் பின்னுமாக இழுத்தால் ஆட்டம் விரலுக்குத் தெரியவே கூடாது; தெரிந்தால் த்ரஸ்ட் பேரிங் போயிருக்கிறது. கம்ப்ரசர் இறக்கைகளின் நுனி ஹவுசிங் சுவரில் உரசிய தடம் இருந்தால், ஆட்டம் எப்படியிருந்தாலும் வேண்டாம்.

மாட்டும் வேலை

பழைய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட்கள் எளிதில் வராது. ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே தினமும் துரு இளக்கும் எண்ணெய் அடியுங்கள். அப்படியும் வராததைப் பலம் போட்டுத் திருகாமல் சூடு காட்டி, இறுக்கும் பக்கம் கொஞ்சம், தளர்த்தும் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டி எடுங்கள். ஃபயர்வாலை ஒட்டிய பின் மூலைப் போல்ட் உடைந்தால் ட்ரில் வைக்கவே இடமில்லை.

இன்டேக் தொப்பியைக் கழற்றியதும் எல்லாத் துளையிலும் துணி அடையுங்கள். எத்தனை துணி என்று எழுதி வையுங்கள். 21 அளவுக்குக் கம்ப்ரஷன் விகிதம் உள்ள இன்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு வாஷருக்குக்கூட இடம் கிடையாது. விழுந்த நட்டைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பைரோமீட்டர் (எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டும் மீட்டர்) முனைக்குத் துளை போடுவது குழாய் கழற்றியிருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலை. மாட்டிய பிறகு துளைத்தால் இரும்புத் தூள் டர்பைனுக்குள் போகும். இடம், இரண்டு பக்க எக்ஸாஸ்ட்டும் சேர்ந்து டர்போவுக்கு ஏறும் குழாய். பயணி பக்க மேனிஃபோல்டில் போட்டால் நாலு சிலிண்டரைத்தான் காட்டும். டர்போவுக்குப் பின்னால் போடவே போடாதீர்கள்: டர்பைன் சூட்டை வேலையாக மாற்றிவிடுவதால் பாரம் இழுக்கும்போது அங்கே 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் குறைத்துக் காட்டும். அந்தப் பொய்யை நம்பி பிஸ்டனை உருக்கியவர்கள் உண்டு. 1/8 அங்குலக் குழாய் மரை போதும். ட்ரில், டேப் இரண்டுக்கும் கிரீஸ் தடவிக்கொண்டால் தூள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

டர்போவுக்கு ஆயில் வரும் வழி சின்னது, போகும் வழி பெரியது. வருவது இன்ஜின் பின்பக்கம் ஆயில் பிரஷர் சென்சார் இருக்கும் துளையில் ஒரு டி மாட்டி எடுத்த மெல்லிய பிரெய்டட் ஹோஸ். போவது, இரண்டு ஹெட்டுக்கும் நடுவே பள்ளத்தை மூடும் தகட்டுக்கு இறங்கும் குழாய். உள்விட்டம் 16 மி.மீ.க்குக் குறையக் கூடாது, எங்கேயும் மேலேறி இறங்கக் கூடாது. டர்போவில் ஆயில் பிரஷரோடு நுழைந்தாலும் வெளியே வருவது தன் எடையால்தான். வடியும் குழாய் மடங்கினால் ஆயில் தேங்கி, தண்டின் சீலைத் தாண்டிக் கம்ப்ரசர் பக்கம் வழியும். ‘புது டர்போ ஆயில் குடிக்குது’ என்று திருப்பி அனுப்பப்படும் டர்போக்களில் பல நல்ல டர்போக்கள்தான், மடங்கியிருந்தது குழாய்.

இனி பலரும் கோட்டை விடும் இடம். டர்போ இல்லாத இன்ஜினில் கிராங்க் கேஸ் ஆவியைச் சிடிஆர் என்ற வால்வு வழியாக இன்டேக் உறிஞ்சிக்கொள்ளும். டர்போ போட்ட பின் இன்டேக்கில் இருப்பது உறிஞ்சல் அல்ல, அழுத்தம். பழைய இணைப்பை அப்படியே விட்டால் பூஸ்ட் கிராங்க் கேஸுக்குள் போய்ப் பின் மெயின் சீலிலிருந்து டிப்ஸ்டிக் வரை எல்லா இடத்திலும் ஆயிலைத் தள்ளும். சிடிஆர் குழாயை ஏர் ஃபில்டருக்கும் டர்போ வாய்க்கும் நடுவே இணைக்க வேண்டும். வால்வும் புதிதாக இருக்கட்டும். உள்ளே உள்ள ரப்பர் கிழிந்த சிடிஆர், கிராங்க் கேஸ் ஆயிலையே உறிஞ்சிக் கொடுக்கும்; ஆயிலையே டீசலாக எரித்து இன்ஜின் தானாக வேகம் எடுத்துவிட்டால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்று வாயை ஒரு பலகையால் மூடினால்தான் நிற்கும். கையால் மூடப் போக வேண்டாம்.

டர்போவிலிருந்து இறங்கும் குழாய் ஃபயர்வாலில் இடிக்கும். கம்பெனி டர்போவில் அந்தக் குழாயையே நசுக்கி வளைத்து நுழைத்திருக்கிறார்கள். குழாயை நசுக்குவதைவிட ஃபயர்வாலின் மடிப்பைச் சுத்தியலால் தட்டிப் படியவைத்து 3 அங்குலக் குழாயை முழு வட்டமாக இறக்குவது நல்லது. அங்கிருந்து பின்னால் வரை 3 அங்குலமே இருக்கட்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவுக்கு ஆயில் வரும் துளையில் கொஞ்சம் சுத்தமான ஆயில் விட்டுத் தண்டை விரலால் சுற்றுங்கள். பம்ப் தலையில் உள்ள டீசல் கட் ஆஃப் சாலினாய்டின் வயரைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்பும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பத்துப் பத்து விநாடியாகச் சுற்றி இடையில் ஓய்வு கொடுத்தால் போதும். பிறகு வயரை மாட்டி ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஐடிலிங்கில் விடுங்கள். அந்த நேரத்தில் சோப்பு நீரை எக்ஸாஸ்ட் இணைப்பில் அல்ல, இன்டேக் ஹோஸ்களில் அடித்துப் பாருங்கள். எக்ஸாஸ்ட் கசிவைக் காதே சொல்லிவிடும், டிக் டிக் என்று.

டைமிங்கும் டீசலும்

டைமிங், அதாவது டீசல் பீய்ச்சப்படும் நேரம், 2,000 ஆர்பிஎம்-ல் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 8.5 டிகிரி முன்னால் இருக்க வேண்டும். பம்ப் ஃபிளாஞ்சில் உள்ள கோடுகளைப் பொருத்தி ‘கோடு சேர்ந்திருக்கு’ என்று விட்டுவிடுவது பழைய இன்ஜினுக்குப் போதாது, கியரும் பம்பும் தேய்ந்திருக்கும். டீசல் டைமிங் மீட்டர் உள்ளவரிடம் கொண்டுபோய்ப் பார்த்துவிடுங்கள். டைமிங் பின்தங்கியிருந்தால் எரிதல் எக்ஸாஸ்ட் வரை நீளும், டர்போ சீக்கிரம் சுற்றும், ஆனால் சூடு கண்டபடி ஏறும். மிகவும் முன்னால் இருந்தால் தட்டல் சத்தம் கூடும். பூஸ்ட்டோடு சேர்ந்து அந்த அழுத்தம் ஹெட் போல்ட்டுக்குத்தான் போகும்.

டீசல் ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் கிட்டை மட்டும் வைத்து ஒரு வாரமாவது ஓட்டுங்கள். 5 முதல் 7 பிஎஸ்ஐ வரை பூஸ்ட் காட்டினால் எல்லாம் சரி. 3-ஐத் தாண்டவில்லை என்றால் எங்கோ கசிகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் டீசலைக் கூட்டினால் கரும்புகைதான் கூடும்.

ஸ்க்ரூ பம்பின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடிக்குப் பின்னால் இருக்கிறது. பேட்டரி வயரைக் கழற்றுங்கள். மூடியைச் சுற்றி நன்றாகத் துடைத்துவிட்டுக் கழற்றினால் கொஞ்சம் டீசல் கொட்டும், கீழே தட்டு வையுங்கள். கிராங்க்கை ஸ்பேனரால் கையாலேயே மெல்லச் சுற்றினால் ஓரிடத்தில் சின்ன ஆலன் ஸ்க்ரூவின் தலை துளைக்கு நேராக வந்து நிற்கும். 5/32 அங்குல ஆலன் கீ. வலது பக்கம் திருப்பினால் டீசல் கூடும். ஆலன் கீயின் ஒரு முகம், அதாவது ஆறில் ஒரு பங்குச் சுற்று, ஒரு தடவைக்கு அவ்வளவுதான். கீயை எடுத்தீர்களா என்று பார்த்த பிறகே கிராங்க்கைத் தொடுங்கள். கீயோடு சுற்றினால் பம்ப் உள்ளேயே உடையும். மூடி கேஸ்கெட் பழையதென்றால் புதிது போடுங்கள், இல்லையென்றால் மறுபடி ஏர்.

ஒரு முகம் கூட்டியதும் பாரத்தோடு நீளமான ஏற்றத்தில், உயர் கியரில், முழு ஆக்சிலேட்டரில் போய்ப் பாருங்கள். டர்போவுக்கு முன்னால் 677 டிகிரி செல்சியஸ் (அமெரிக்கர்கள் சொல்லும் 1,250 ஃபாரன்ஹீட்) தாண்டாமல் நின்றால் இன்னொரு முகம் கூட்டலாம். பொதுவாக இரண்டு முகத்தோடு வேலை முடிந்துவிடும். மூன்றுக்கு மேல் போனவர்கள் ஏற்றத்தில் பாதி ஆக்சிலேட்டரில்தான் ஓட்ட முடிகிறது. அப்படியானால் எதற்குக் கூட்டினோம்?

டிபி2-வில் பூஸ்ட்டைப் பார்த்து டீசலைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு கிடையாது. டர்போ சுற்றத் தொடங்கும் முன்பே பம்ப் முழு டீசலையும் கொடுத்துவிடும். அதனால் சிக்னலில் கிளம்பும்போது ஒரு கரும்புகை வரத்தான் செய்யும். ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்தால் குறையும். பாதி ஏற்றத்தில் சூடு ஏறினால் காலை எடுப்பதைவிட ஒரு கியர் இறக்குவது மேல். ஆர்பிஎம் கூடினால் டர்போ அதிகக் காற்று தரும், ஒவ்வொரு எரிதலுக்கும் தேவைப்படும் டீசல் குறையும், முள் இறங்கும்.

ஏற்றம் ஏறி வந்தவுடன் சாவியைத் திருப்பாமல் இரண்டு மூன்று நிமிஷம் ஐடிலிங்கில் விடுங்கள். டர்போவுக்கு முன்னால் 180 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் நிறுத்தலாம். சூடான டர்போவில் நின்றுபோன ஆயில் கரியாகிப் பேரிங்கை அடைக்கும்.

கியர்பாக்ஸ்

பழைய மூன்று கியர் சி6 ஆட்டோமேட்டிக் இந்தப் பவரைத் தாங்கும், டீசல் அதிகம் குடிக்கும். 1989-லிருந்து வந்த இ4ஓடி ஆட்டோமேட்டிக் சிக்கலானது. அது தன் உள் அழுத்தத்தை முடிவு செய்வது பம்பில் உள்ள த்ராட்டில் சென்சாரைப் பார்த்துத்தான். டர்போ போட்டது அதற்குத் தெரியாது. டைமிங்குக்காகப் பம்பைத் தொட்டிருந்தால் அந்தச் சென்சாரை மறுபடி செட் செய்யாமல் பாரம் இழுக்காதீர்கள், கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகும். தனியாக ஒரு ஆயில் கூலரும் போட்டுவிடுங்கள். ஐந்து கியர் இசட்எஃப் மேனுவலில் கியர்பாக்ஸ் தாங்கும், அதன் இரட்டைத் தட்டு (டூயல் மாஸ்) ஃபிளைவீல் தாங்காது. நியூட்ரலில் கடகட சத்தம், கிளட்சை மிதித்தால் சத்தம் மாறுவது, இவை வந்தால் ஒற்றைத் தட்டு ஃபிளைவீலுக்கும் அதற்கேற்ற கிளட்சுக்கும் மாற்றிவிடுங்கள். அதை டர்போ செலவிலேயே சேர்த்துக் கணக்குப் போடுவது நல்லது, ஏனென்றால் ட்ரெய்லரோடு இழுக்கும் வண்டியில் அது சீக்கிரமே வரலாம்.